பெயர் மறைந்த பெரியார் டாக்டர் சுப்பாராவ்

ஒருவர் செய்த பணியின் பெருமையை எதனைக் கொண்டு அளப்பது? வணிகருக்கு இலாபம் உண்டு. கமக்காரருக்கு விளைச்சல் உண்டு. மாணவருக்குப் பரீட்சைப் புள்ளி உண்டு. ஆராய்ச்சியாளருக்கும் இக்காலத்தில் ஓர் அளவுகோல் ஏற்பட்டிருக்கின்றது. அவர் எத்தனை கட்டுரைகளை வெளியிட்டார், அவற்றைப் பிற ஆராய்ச்சியாளர் தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக் காட்டினர் என்று எண்ணிப் பார்ப்பதே அவ்வளவுகோல். பதவியும் பரிசும் பெரும்பாலும் இவ்வெண்ணிக்கையின் பின்னாலேயே வருகின்றன. இவ்வளவுகோலால் உயர்ந்தும், அதற்குள் அடங்காதும் நின்ற ஒரு பெரியாரின் வாழ்க்கையை எம் சங்கத்து இளைஞர் முன் வைக்க விரும்புகின்றோம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12 ஆம் திகதி, அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிற் பிறந்தார். சுவாமி விவேகானந்தர் பிறந்ததும் ஒரு ஜனவரி 12 ஆம் திகதியே என்பதை எம் அன்பர்கள் அறிவர். வறுமை சூழ்ந்த குடும்பம். சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு, காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்ட எண்ணினார். தாயார் அவரைத் திருப்பி அழைத்து வந்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மெட்ரிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து தோற்றிச் சித்தியடைந்தார். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தோணி ஏறும் எம்மூர்த் தம்பிமார் இதனைக் கவனிப்பாராக.

இளமையில் அவர் உள்ளம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண மிஷனிற் சேர்ந்து சந்நியாசியாக விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. நோயாளருக்குச் செய்யும் பணியும் இறைபணியே என்ற எண்ணத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்துச் சத்திரசிகிச்சை வகுப்புக்குச் சென்றமை ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்பைத் தேடித் தந்தது. அதன் பயனாக எம்.பி.பி.எஸ். பட்டம் கிடையாது, அதனிலுங் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் வயிற்று நோய்க்கு இரையாயினர். அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. இத்துயரமே அவரை ஆராய்ச்சியின்பால் திருப்பியது எனலாம்.

சில காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிற் கற்பித்த பின்னர், மாமனாரின் பொருளுதவியோடு கடல் கடந்து, 1922 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வாட் சர்வகலாசாலையிற் பகலிற் படித்தார். இரவில் வைத்தியசாலை ஒன்றிற் சிற்றூழியம் புரிந்து வயிற்றைக் கழுவினார். மனைவி சேஷகிரி அம்மையாரைப் பிறந்த நாட்டில் விட்டுச் சென்ற அவர், அதன் பின் ஒருபோதும் தாயகம் திரும்பவில்லை.

ஹார்வாட்டில் சைரஸ் பிஸ்க் என்னும் ஆசிரியரோடு சேர்ந்து 1925 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குருதியிலும் சிறுநீரிலும் பொசுபரசு எவ்வளவு இருக்கின்றதென்று அளக்கும் முறையே அதன் பொருள். சோதிக்க வேண்டிய திரவத்தோடு சில இரசாயனப் பொருள்களைச் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறம் எவ்வளவு கடுமையோ பொசுபரசு அவ்வளவு மிகுதி. பார்வைக்கு எளிய காரியம். ஆனால் உடலின் இயக்கத்தை ஆராய்வோர் அனைவருக்கும் வேண்டியிருந்த கருவி அதுவே. அக்கருவியைக் கொண்டே இருவரும் 1927 இல் தசையிலுள்ள பொஸ்போகிரியற்றினையும், 1929 இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டறிந்தனர். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனித்து ஏ.டி.பி.யைக் கண்டார். நாம் மிஷன் பாடசாலையிற் கற்ற நாளில் உயிரியற் பாடத்துக்காக ஏ.டி.பி.யைப் பலமுறை மனனஞ் செய்தோம். அதனைக் கண்டவருள் ஒருவர் சென்னையிற் கற்று இருமுறை பரீட்சை தவறியவர் என்பதை அன்று நாம் அறிந்தோமில்லை.

1930 இல் கலாநிதிப் பட்டம் பெற்றும், நிலையான பேராசிரியர் பதவி அவருக்கு ஹார்வாட்டிற் கிட்டவில்லை. அவர் பிரித்தெடுத்த பொருள்கள் சில உரிய காலத்தில் அச்சேறாது போயின என்றும், அவற்றைப் பின்வந்தோர் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அவரோடு அங்கே பணியாற்றியவரும் 1988 இல் நொபெல் பரிசில் பங்கு பெற்றவருமான ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் கூறியிருக்கின்றார். வெளியிடாத கட்டுரையை எவர் எண்ணுவார்?

1940 இல் நியூயோர்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னுமிடத்திலிருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிக் கூடத்திற் சேர்ந்து, பின் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் தலைமையில் 1945 இல் போலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அச்செய்தியைத் தாங்கிய கட்டுரையிற் பதினாறு பேரின் பெயர்கள் உள்ளன. தலைவரின் பெயர் அவற்றின் நடுவே ஒன்றாக நிற்கின்றது. சகோதரரைக் கொண்டுபோன அதே ஸ்புரூ நோயால் வரும் குருதிச் சோகைக்கு அம்மருந்து பயன்பட்டது. இன்று எம் வாகரையிலே கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிற் பெற்றுவரும் போலிக் அமில வில்லையும் அதுவே.

அவருடைய கூடத்தில் ஆக்கப்பட்ட அமினோப்டெரின் என்னும் மருந்தைப் பொஸ்டனில் சிட்னி பார்பர் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் சிறிது காலத்துக்கேனும் தணிந்தது. அதுவரை மருத்துவ உலகம் கண்டிராத அச்செய்தியை 1948 இல் வெளியிட்ட கட்டுரையின் ஆசிரியருள் சுப்பாராவ் பெயர் இல்லை. அதன் வழி வந்த மெதொட்றெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் வழங்கப்படுகின்றது. யானைக்கால் நோய்க்குரிய டையீதைல்காபமசீன் என்னும் மருந்தும் அதே கூடத்தில் 1947 இல் வெளிவந்தது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலையை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது; அவ்வெற்றியில் இம்மருந்துக்கும் பங்குண்டு. டகர் என்பார் கண்ட ஓரியோமைசின் கிருமிக்கொல்லியும் இவர் தலைமைக் காலத்ததே. இவ்வளவும் செய்த அப்பெரியார் 1948 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், 53 ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

நிற்க, எண்ணிக்கைக்கு வருவோம். 1964 இல் யூஜீன் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர், எக்கட்டுரை எங்கெங்கே சுட்டப்பட்டது எனக் காட்டும் பெரிய அட்டவணையை வெளியிடலானார். அவர் பின்னர் தொகுத்த, மிகுதியும் சுட்டப்பட்ட கட்டுரைகளின் பட்டியல்களிலே, நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட அந்த 1925 ஆம் ஆண்டுக் கட்டுரை ஆயிரக் கணக்கான சுட்டுகளோடு முன்வரிசையில் நின்றது. மறக்கப்பட்ட ஒருவரை எண்ணிக்கை நினைவூட்டியது. அதற்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும்.

ஆயினும் எண்ணிக்கை எதனைக் கண்டது? நிறங் கொண்டு அளக்கும் கருவியைக் கண்டது. கருவியை எடுத்தவர் எல்லாரும் அதன் பெயரை எழுதுவது ஆராய்ச்சி வழக்கமாதலின், செய்முறைக் கட்டுரைகளே என்றும் மிகுதியாகச் சுட்டப்படுகின்றன. போலிக் அமிலமோ, வீட்டு உப்புப்போல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. உலையில் உப்பிடுபவர் உப்பு விளைத்தவரின் பெயரை எழுதுவதில்லை. வில்லை விழுங்கும் தாய் கட்டுரை எழுதுவதில்லை. உயிர் தப்பிய குழந்தை அட்டவணையில் ஏறுவதில்லை. சுட்டுதல் எழுதுவோரின் நன்றிதான். வாழ்வோரின் நன்றியை எழுதிவைக்க ஏடு எங்கே?

ஆகவே எண்ணிக்கையை இகழவும் வேண்டா; அதற்கு அடிமையாகவும் வேண்டா. பரீட்சைப் புள்ளி குறைந்தமையால் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்ளும் இளைஞர் எம்மிடையே பலர். மேடையிற் பெயர் வாசிக்கப்படவில்லையென்று சங்கப் பணியிலிருந்து ஒதுங்குவோரும் உளர். நாமும் ஒருகால் அவ்வாறு மனம் வாடியதுண்டு. பனிச்சங்கேணிப் பாலத்தை நாள்தோறும் கடக்கும் நாம், அதற்குக் கல் சுமந்தவர் எவரென்று கேட்டதில்லை. கேளாதபோதும் பாலம் எம்மைத் தாங்குகின்றது. பயன் கருதாத் தொண்டு என்று பெரியோர் போதித்ததைச் சுப்பாராவ் ஆராய்ச்சிக் கூடத்திற் செய்து காட்டினார். துறவி ஆகாமலே துறவியாய் வாழ்ந்த அவரை நினைந்து, எம் கையிலுள்ள பணியைச் செவ்வனே செய்வோமாக.