பைத்தியமாக நடித்த பெண் நிருபர்

1887-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம்.

ஏழைப் பெண்கள் தங்கும் ஒரு விடுதிக்கு இளம்பெண் ஒருத்தி வந்தாள். இரவில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். அவள் மட்டும் படுக்கவில்லை. விடிய விடிய சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்கள் நடுங்கிப் போனார்கள்.

மறுநாள் போலீசார் வந்து அவளைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். நீதிபதி அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர்கள் சோதித்தார்கள். சந்தேகமே இல்லை, பைத்தியம்தான் என்று முடிவு கட்டினார்கள்.

ஆனால் அவளுக்குப் பைத்தியம் இல்லை. அவள் ஒரு பத்திரிகை நிருபர். பெயர் நெல்லி பிளை. வயது 23.

நல்ல அறிவோடு இருந்த பெண் எதற்காகப் பைத்தியமாக நடித்தாள்?

கோர்ட்டில் ஏறிய சிறுமி

நெல்லி பிளையின் இயற்பெயர் எலிசபெத். 1864-ம் ஆண்டு மே 5-ந் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தாள். தந்தை மைக்கேல் காக்ரன் மில் முதலாளி. எலிசபெத்துக்கு 6 வயது ஆனபோது அவர் இறந்துவிட்டார். உயில் எழுதி வைக்கவில்லை. சொத்து பலருக்கும் பங்காகிப் போயிற்று. செல்வத்தில் வளர்ந்த குழந்தை வறுமையைக் கண்டாள்.

தாய் மறுமணம் செய்துகொண்டாள். வந்தவன் குடிகாரன். மனைவியைக் கொடுமைப்படுத்தினான். தாய் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டாள். சிறுமி எலிசபெத் கோர்ட்டில் ஏறி, தான் கண்ணால் கண்டதை அப்படியே சொன்னாள். விவாகரத்து கிடைத்தது.

கண்டதைச் சொல்வதே பிறகு அவள் தொழிலும் ஆயிற்று.

வேலை தந்த கடிதம்

எலிசபெத் ஆசிரியைப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். பணம் இல்லாததால் படிப்பு பாதியில் நின்றது. குடும்பம் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபோயிற்று.

1885-ம் ஆண்டு அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்றில், பெண்கள் வேலைக்குப் போகக்கூடாது, வீட்டோடு இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்தது. எலிசபெத்துக்குக் கோபம் பொங்கியது. ஆதரவு இல்லாத பெண்கள் வேலைக்குப் போகாமல் எப்படிப் பிழைப்பார்கள்? காரசாரமாகப் பதில் எழுதி அனுப்பினாள். கடிதத்தில் தன் பெயரைப் போடவில்லை.

கடிதத்தைப் படித்த ஆசிரியர், எழுதியவர் யார் என்று கேட்டுப் பத்திரிகையிலேயே அறிவிப்புப் போட்டார். நேரில் வந்து நின்ற எலிசபெத்துக்கு வேலை கொடுத்தார். ஒரு பிரபலமான பாட்டிலிருந்து நெல்லி பிளை என்ற புனைபெயரும் வைத்தார்.

நெல்லி பிளை, தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் துன்பத்தை எழுதினார். முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. அதன்பின் உடை, தோட்டம் என்று எழுதும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அவருக்கு அது சலித்துவிட்டது. 1887-ல் நியூயார்க்குக்குப் புறப்பட்டார்.

பல மாதம் அலைந்த பிறகு, ஜோசப் புலிட்சர் நடத்திய "வேர்ல்டு" பத்திரிகை ஒரு வாய்ப்புக் கொடுத்தது. பிளாக்வெல் தீவில் உள்ள பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் நோயாளியாகப் போக வேண்டும். அங்கே நடப்பதைக் கண்டு எழுத வேண்டும். நெல்லி பிளை துணிந்து சம்மதித்தார்.

10 நாள் நரகம்

ஆஸ்பத்திரிக்குள் போனதும் நெல்லி பிளை நடிப்பை நிறுத்திவிட்டார். சாதாரணமாகப் பேசினார்; பழகினார். யாரும் நம்பவில்லை. ஒருமுறை பைத்தியம் என்று எழுதிவிட்டால் அவ்வளவுதான்!

கெட்டுப்போன ரொட்டியும் வெண்ணெயும்தான் சாப்பாடு. குளிரில் நடுங்கும் பெண்கள் தலையில் வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினார்கள். ஒருத்தி குளித்த தண்ணீரிலேயே அடுத்தவளும் குளிக்க வேண்டும். காலையிலிருந்து இரவு வரை பெஞ்சில் அசையாமல் உட்கார வேண்டும். பேசினால் திட்டு. எதிர்த்தால் அடி.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அங்கிருந்த சிலருக்குப் பைத்தியமே இல்லை! ஒரு ஜெர்மன் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை. அவளையும் அடைத்துவிட்டார்கள்.

10 நாள் கழித்துப் பத்திரிகையின் வக்கீல் வந்து நெல்லி பிளையை மீட்டார். வெளியே வந்தும் அவர் மனம் மகிழவில்லை. மற்றப் பெண்களுக்கு வக்கீல் ஏது?

அவர்களுக்காக எழுதினார். அக்டோபரில் கட்டுரைகள் வெளிவந்தன. நகரமே கொதித்தது. விசாரணைக் குழுவினர் நெல்லி பிளையுடன் தீவுக்குப் போனார்கள். அதற்குள் ஆஸ்பத்திரியைச் சுத்தம் செய்துவிட்டார்கள். ஆனாலும் குழு அவர் சொன்னதையே நம்பியது. இத்தகைய ஆஸ்பத்திரிகளுக்கு நகர நிர்வாகம் கூடுதல் பணம் ஒதுக்கியது.

72 நாளில் உலகம்

எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் தம் கதையின் நாயகனை 80 நாளில் உலகம் சுற்ற வைத்தார். அதைவிட விரைவில் சுற்றுவேன் என்று 1889-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி நெல்லி பிளை கப்பல் ஏறினார். துணைக்கு ஆள் இல்லை. கையில் ஒரே ஒரு சிறு பை. வழியில் பிரான்சு நாட்டில் ஜூல்ஸ் வெர்னையே சந்தித்தார். இலங்கையில் கொழும்பு நகரில் கப்பலுக்காக 5 நாள் காத்திருந்தார். சிங்கப்பூரில் ஒரு குரங்கு வாங்கினார். 72 நாளில் ஊர் திரும்பினார். ஜனங்கள் திரண்டு வரவேற்றார்கள்.

1895-ல் ராபர்ட் சீமன் என்ற முதிய கோடீசுவரரை மணந்தார். 1904-ல் கணவர் இறந்த பிறகு அவருடைய தொழிற்சாலையை நடத்தினார். தொழிலாளிகளுக்குப் படிப்பகமும் உடற்பயிற்சிக் கூடமும் அமைத்தார். ஆனால் கணக்கைச் சரிபார்க்கவில்லை. நம்பிய ஊழியர்கள் பணத்தைச் சுருட்டினார்கள். தொழிற்சாலை திவாலாயிற்று.

மீண்டும் பேனாவைப் பிடித்தார். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரியாவிலிருந்து போர்முனைச் செய்திகளை எழுதினார். 1919-ல் நாடு திரும்பி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடு தேடிக் கொடுத்தார்.

1922-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி நிமோனியாவால் காலமானார். வயது 57.

அவர் சமாதியில் 56 ஆண்டுகள் ஒரு கல்கூட இல்லை. 1978-ல்தான் நியூயார்க் பத்திரிகையாளர்கள் கல் நாட்டினார்கள்.

கல் இல்லாத காலத்திலும் அவர் பெயர் மறையவில்லை. சொன்னாலும் யாரும் நம்பாத பெண்களுக்காக அவர் தாமே உள்ளே போய்ப் பார்த்தார். அவர்களுக்காகச் சாட்சி சொன்னார்.