டாட்டா காட்டாத டாடா

கடன் வாங்கினவன் ராவோடு ராவாக ஊரைக் காலி பண்ணிட்டா, டாட்டா காட்டிட்டான்னு சொல்வோம் இல்லையா? நான் எழுதப் போறது அதுக்கு நேர் எதிரான ஒரு டாடாவைப் பத்தி. வீட்டு உப்புப் பாக்கெட்டிலும் ரோட்டில் போற லாரியின் நெற்றியிலும் பார்க்கிறோமே, அதே பெயர்தான். முழுப்பெயர் ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடா.

1839 மார்ச் 3ஆம் தேதி குஜராத்தில் உள்ள நவ்சாரி என்ற ஊரில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். வழிவழியாகப் பூசாரிகளாக இருந்த குடும்பம். அப்பாதான் முதலில் வியாபாரத்துக்கு வந்தவர். மகனை பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்க வைத்தார். 1858ல் படிப்பு முடிந்தது. அடுத்த வருஷமே ஹாங்காங்குக்குக் கப்பல் ஏற்றிவிட்டார், வியாபாரம் கற்றுக்கொள்ள.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது (1861 - 1865). அமெரிக்கப் பருத்தி வராததால் இங்கிலாந்து ஆலைகள் பம்பாய்ப் பருத்தியை வாங்கிக் குவித்தன. விலை எங்கேயோ போய்விட்டது. பம்பாயில் பணமழைதான்! எல்லாரும் கடன் வாங்கி வியாபாரம் செய்தார்கள், டாடா குடும்பமும் செய்தது. 1864 கடைசியில் ஒரு பேங்க் ஆரம்பிப்பதற்காக ஜம்ஷெட்ஜியை லண்டனுக்கு அனுப்பினார்கள். போன கொஞ்ச நாளிலேயே போர் முடிந்தது. பருத்தி விலை தடாலென்று விழுந்தது. அவர் கையில் இருந்த பத்திரங்கள் வெறும் காகிதமாகிவிட்டன.

யோசித்துப் பாருங்கள். வயசு 26. தெரியாத ஊர். கடன்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள். ஒரு கப்பலைப் பிடித்து ஓடியிருக்கலாம். அவர் என்ன செய்தார்? கடன் கொடுத்தவர்களிடமும் பேங்க்காரர்களிடமும் தானே போனார். நிலைமை இதுதான் என்று மறைக்காமல் சொன்னார். அவர்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்து, கணக்கைத் தீர்க்கும் வேலையை அவரிடமே கொடுத்து, மாதம் 20 பவுன் சம்பளமும் போட்டுவிட்டார்கள்! மார்க் குறைந்தால் ரேங்க் கார்டை நோட்டுக்குள் ஒளித்து வைக்கிற ஆள் நான். இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

1868ல் 21,000 ரூபாய் முதலில் சொந்தமாக ஒரு வியாபாரக் கம்பெனி ஆரம்பித்தார். அடுத்த வருஷம் சிஞ்ச்போக்ளியில் நொடித்துப் போன ஒரு எண்ணெய் ஆலையை வாங்கிப் பருத்தி ஆலையாக மாற்றினார். பிறகு அதை லாபத்துக்கு விற்றுவிட்டு, இங்கிலாந்துக்குப் போய் லங்காஷயர் ஆலைகளைப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்.

பெரிய ஆலை கட்ட எல்லாரும் பம்பாயைத்தான் தேடுவார்கள். இவர் போனது நாக்பூருக்கு. அங்கேதான் பருத்தி விளைகிறது, ரயில் இருக்கிறது, நிலக்கரியும் பக்கத்தில். ஆனால் கிடைத்ததோ சதுப்பு நிலம். மண்ணைக் கொட்டி மேடாக்க வேண்டியிருந்தது. பங்கு போடக் கேட்டபோது ஒரு மார்வாடி சேட், நிலத்தில் தங்கத்தைக் கொட்டிப் புதைக்கிறாரே என்று சிரித்து, பணம் தர மாட்டேன் என்றாராம். பின்னால் அவரே, டாடா மண்ணைக் கொட்டித் தங்கத்தை எடுத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டாராம். 1877 ஜனவரி 1ஆம் தேதி எம்ப்ரஸ் மில் ஓட ஆரம்பித்தது. அதை நடத்த அவர் தேர்ந்தெடுத்த பெசோன்ஜி மேத்தா ஒரு ரயில்வே அதிகாரி. பருத்தி ஆலை அனுபவமே கிடையாது! ஆளைப் பார்த்து எடை போடுவதில் கெட்டிக்காரர்.

ஆரம்பத்தில் வேலைக்கு ஆள் ஒழுங்காக வரவில்லை. அபராதம் போடுவதற்குப் பதிலாக, ஒழுங்காக வந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தார். 1886ல் பென்ஷன் நிதி, 1895ல் விபத்து நஷ்ட ஈடு. சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாத காலம் அது.

எல்லாம் ஜெயம்தான் என்று நினைக்காதீர்கள். 1886ல் குர்லாவில் தரம்சி மில் என்ற ஆலையைப் பன்னிரண்டரை லட்சத்துக்கு மலிவாக வாங்கி, சுதேசி மில் என்று பெயர் வைத்தார். மலிவாகக் கிடைத்த பொருள் எப்படி இருக்கும்? மெஷின்கள் எல்லாம் ஓட்டை உடைசல். நூல் மட்டம். பங்கு விலை சரிந்தது. பேங்க் கடன் தர மறுத்தது. சொந்தக்காரர்களே வேண்டாம் என்றார்கள். இழுத்து மூடியிருந்தால் யாரும் அதிசயப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பெயரை நம்பிப் பங்கு வாங்கினவர்கள் இருந்தார்களே! குடும்பத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த சொத்து டிரஸ்டையே ரத்து செய்து, அதை வைத்துப் பணம் புரட்டினார். எம்ப்ரஸ் மில் பங்குகளில் கொஞ்சத்தை விற்றார். நாக்பூரிலிருந்து நல்ல ஆட்களை வரவழைத்து, மெஷின்களை மாற்றி, அந்த ஆலையைத் தூக்கி நிறுத்தினார். எனக்கு அவர் கட்டிய தாஜ்மகால் ஹோட்டலை விட (1903) இதுதான் பெரிசாகத் தெரிகிறது.

தோற்றதும் உண்டு. நூல் ஏற்றிப் போக பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி அநியாயக் கட்டணம் வாங்குகிறது என்று, ஜப்பான் கம்பெனியோடு சேர்ந்து 1893ல் தானே கப்பல் விட்டார். அவர்கள் கட்டணத்தை ஒரேயடியாகக் குறைத்ததும், கூட வந்த வியாபாரிகள் அந்தப் பக்கம் தாவிவிட்டார்கள். நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசிக் காலத்தில் அவர் பிடித்துக்கொண்ட காரியங்கள் மூன்று: இரும்பு ஆலை, நீர் மின்சாரம், அறிவியல் ஆராய்ச்சி நிலையம். ஆராய்ச்சி நிலையத்துக்காக 30 லட்ச ரூபாய் சொத்தைத் தருவதாக 1898ல் சொன்னார். வைஸ்ராய் கர்சனுக்கோ, படிக்க மாணவர்கள் வருவார்களா என்றே சந்தேகம். இரும்புக்காக 1902ல், அறுபதைத் தாண்டிய வயதில், அமெரிக்காவுக்குப் போனார். அந்த வருஷம் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகிற தொழிலாளர் ஊரில் தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், சீக்கிரம் வளரும் நிழல் மரங்கள் வைக்க வேண்டும், கால்பந்தும் ஹாக்கியும் ஆட மைதானம் விட வேண்டும், கோயிலுக்கும் மசூதிக்கும் சர்ச்சுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். தமாஷ் என்னவென்றால், அந்த ஊர் எந்த இடத்தில் வரப்போகிறது என்று அப்போது அவருக்கே தெரியாது!

மூன்றில் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. 1904 மே 19ஆம் தேதி ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில் இறந்துவிட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 1909ல் தொடங்கியது. கோபோலி மின் நிலையம் 1915ல் ஓடியது. சாக்சி கிராமத்தில் கட்டிய ஆலையில் 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வந்தது. 1919ல் அந்த ஊருக்கு ஜம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஆலைக்குப் பணம் சேர்ந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. மகன் தோராப்ஜி முதலில் லண்டனில் கேட்டுப் பார்த்தார். கைகூடவில்லை. சரி, நம் ஜனங்களிடமே கேட்போம் என்று 1907ல் பம்பாயில் பங்கு வெளியிட்டார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை டாடா ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் பணம் கட்டி, கேட்ட தொகை முழுவதும் சேர்ந்துவிட்டது. இரும்பு ஆலை எப்படி இருக்கும் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்தப் பெயர் மட்டும் தெரியும். பெயருக்கு உரியவர் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.