இருளில் மலர்ந்த இசை: லூயி வியேர்ண்

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஞாயிறு பூசைக்குப் போகும் நமக்கு ஆர்மோனியம் நன்கு பழகிய வாத்தியம். அது பிறந்த பிரான்ஸ் நாட்டின் பேராலயங்களில் அதற்கு ஒரு மூத்த சகோதரம் உண்டு. அதுவே குழல் ஓர்கன். பாரிஸ் நோத்ர் டாம் பேராலயத்தின் ஓர்கனில் இன்று ஏறக்குறைய 8,000 குழல்கள் இருக்கின்றன. கைகளுக்கு ஐந்து கட்டை வரிசைகள், கால்களுக்கு ஒரு வரிசை. அந்த ஓர்கனின் முன் 37 ஆண்டுகள் அமர்ந்து இறைவனைப் புகழ்ந்தவர் லூயி வியேர்ண்.

1870 ஒக்டோபர் 8ஆம் திகதி புவாத்தியே நகரில் பிறந்த இவரின் கண்களைப் பிறவியிலேயே வெண்படலம் மூடியிருந்தது. சிறுவயதில் செய்த சத்திரசிகிச்சையால் உருவங்களும் பெரிய எழுத்துக்களும் மட்டும் ஓரளவு தெரிந்தன. பாரிசில் பார்வையற்ற சிறுவருக்கான பாடசாலையில் கற்றார். சேசர் பிராங்க், விதோர் ஆகிய இருவரும் இவருக்கு ஆசான்களாயினர்.

சிம்பொனி என்பது பல பாகங்களைக் கொண்ட பேரிசை. வாத்தியக்காரர் பலர் கூடி அதை வாசிப்பர். புல்லாங்குழல், எக்காளம், நரம்பு வாத்தியம் எனப் பல குரல்களில் ஒலிக்கும் புதிய ஓர்கன்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தபோது, அப்பேரிசையை ஒருவரே வாசிக்க வழி பிறந்தது. பிராங்க் பாதை காட்டினார். விதோர் இத்தகைய சிம்பொனிகள் பத்து எழுதினார். வியேர்ண் ஆறு எழுதினார்.

1900இல் நோத்ர் டாம் ஓர்கன் இவர் பொறுப்பில் வந்தது. துன்பங்களும் தொடர்ந்து வந்தன. 1906இல் தெருவில் நேர்ந்த விபத்தில் கால் முறிந்தது. காற்கட்டைகளை மிதிக்க மீண்டும் பழகவேண்டியதாயிற்று. 1909இல் மணவாழ்வு முறிந்தது. 1913இல் இளைய மகனைக் காசநோய் கொண்டுபோயிற்று. படையில் சேர்ந்த மூத்த மகன் 1917இல் மாண்டான். அடுத்த ஆண்டு தம்பி ரெனே போரில் வீழ்ந்தார். கண் சிகிச்சைக்காகச் சுவிற்சர்லாந்தில் சில ஆண்டுகள் தங்கிவிட்டுத் திரும்பியபோது ஓர்கன் பழுதடைந்திருந்தது. அதைத் திருத்தப் பணம் திரட்ட 1927இல் அமெரிக்கா சென்று வாசித்தார். 1932இல் ஓர்கன் புதுப்பொலிவு பெற்றது. இத்தனை இழப்புக்குப் பின்னும் 1930இல் எழுதிய ஆறாம் சிம்பொனியை அவர் மகிழ்ச்சி ஒலியோடுதான் முடித்தார்.

1937 ஜூன் 2ஆம் திகதி மாலை நோத்ர் டாமில் வாசித்துக்கொண்டிருந்தார். மாணவர் டியூரூஃப்ளே அருகில் நின்றார். தேவதாயின் கீதம் ஒன்றை வைத்து வாசிக்கத் தொடங்கும் வேளையில் நெஞ்சு அடைத்துச் சாய்ந்தார். அவர் பாதம் மிதித்த காற்கட்டையின் ஒற்றைச் சுரம் ஆலயமெங்கும் ஒலித்தது.

2019இல் பேராலயத்தில் தீ பரவியபோது அந்த ஓர்கன் எரியாமல் தப்பியது. 2024 டிசம்பரில் ஆலயம் திறந்த நாளில் மீண்டும் பாடியது. மாடத்தில் இருந்து வாசிப்பவரின் முகத்தை யாரும் காண்பதில்லை. நம் கோவில் மூலையில் ஆர்மோனியத்தோடு அமர்ந்திருப்பவரையும் நாம் திரும்பிப் பார்ப்பது அரிது. அடுத்த பூசை முடிந்ததும் அவருக்கு ஒரு நன்றி சொல்வோமா?