ரோசாப்பூ துரை

நுழையும்முன்

மக்களைக் காப்பதற்காகவே சட்டம் இயற்றப்படுகிறது. அச்சட்டமே மக்களை ஒடுக்கும் கருவியாகி, அதனை எதிர்த்து முறையிட நீதிமன்றத்தின் கதவும் அடைக்கப்பட்டுவிடின், சட்டம் கற்றவரின் கடமை யாது? மதுரையில் வாழ்ந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பின் வாழ்க்கை இவ்வினாவுக்கு விடையாக விளங்குகிறது.

பிறப்பும் கல்வியும்

ஜார்ஜ் ஜோசப், அன்றைய திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த செங்கன்னூரில் 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பிறந்தார். புகழ்பெற்ற இதழாளர் போத்தன் ஜோசப் இவருடைய இளவல் ஆவார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற ஜோசப், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்றார். பின்னர் இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். 1909ஆம் ஆண்டு தாயகம் திரும்பியவர் சென்னையில் தொழிலைத் தொடங்கி, விரைவிலேயே மதுரைக்குக் குடிபெயர்ந்தார். பிறந்த மண் வேறாயினும், வாழ்நாள் முழுவதும் அவர் நெஞ்சில் இடம்பெற்ற ஊர் மதுரையே.

இலண்டனில் பயின்ற பாரிஸ்டருக்குச் செல்வமும் பதவியும் எளிதில் வந்து சேரும் காலம் அது. ஆயினும், அவர்தம் கவனம் கட்சிக்காரர்களின் பணப்பையைவிட அவர்களின் குறைகளின்மீதே சென்றது. அன்னி பெசன்ட் தொடங்கிய தன்னாட்சி இயக்கத்தில் இணைந்தார். மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் நீண்ட வேலைநேரத்தாலும் குறைந்த கூலியாலும் வாடுவதைக் கண்டு, 1918இல் அவர்களுக்கெனத் தொழிற்சங்கம் உருவாகத் துணைநின்றார். அதே ஆண்டில் மேடைப்பேச்சுக்காக வழக்குத் தொடரப்பட்ட வரதராசுலுவுக்காக இராஜாஜி வழக்காடியபோது, உடனிருந்து உதவினார். பேச்சுரிமையைக் காப்பது வழக்கறிஞரின் முதற்கடமை என்பதை இச்செயலால் உணர்த்தினார்.

கைரேகைச் சட்டம்

ஆங்கில அரசு 1871ஆம் ஆண்டு குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. ஒருவர் குற்றம் செய்தாரா என்பதை ஆராயாமல், அவர் பிறந்த குலத்தைக் கொண்டே அவரைக் குற்றவாளியாகக் கருதியது அச்சட்டம். மதுரை மாவட்டத்தின் பிரமலைக் கள்ளர் சமூகத்தின்மீது அது சுமத்தப்பட்டது. பதிவு செய்யப்பட்டோர் கைரேகை வைக்க வேண்டும். காவலரின் கண்காணிப்பில் இரவைக் கழிக்க வேண்டும். வேற்றூர் செல்வதாயின் இராதாரிச் சீட்டுப் பெற வேண்டும். வயலில் விளைச்சல் காத்திருந்தாலும், இல்லத்தில் தாய் நோயுற்றிருந்தாலும் விலக்குப் பெறுதல் எளிதன்று. அரசின் அறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றம் ஆராயவும் அச்சட்டம் இடந்தரவில்லை.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்துத் திரண்டனர். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர்.

அஞ்சி ஒடுங்கிய அம்மக்களின் பக்கம் நின்றவர் ஜார்ஜ் ஜோசப். சட்டத்தையே நீக்குமாறு நீதிமன்றத்தில் கோர வழியில்லை. எனினும், அச்சட்டத்தால் துன்புற்றவர்களுக்காக வழக்காட வழியிருந்தது. நாளிதழ்களில் எழுத வழியிருந்தது. மக்களிடையே பேசவும் வழியிருந்தது. அவ்வழிகள் அனைத்தையும் அவர் பயன்படுத்தினார். ஒரு மனிதனின் குற்றம் அவன் செயலால் அறியப்பட வேண்டுமேயன்றிப் பிறப்பால் அன்று என்பதே அவர் வாதத்தின் அடிப்படை. கோட்டில் ரோசாப்பூ அணியும் வழக்கமுடைய அவரை, அம்மக்கள் ரோசாப்பூ துரை என்று அன்புடன் அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டு நன்றி பாராட்டினர்.

துறந்த தொழிலும் துணிந்த கருத்தும்

ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது, வருவாய்மிக்க வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். அலகாபாத்தில் மோதிலால் நேருவின் இண்டிபெண்டன்ட் நாளிதழுக்கு ஆசிரியராகி, 1921ஆம் ஆண்டின் இறுதியில் கைதானார். சிறையிலிருந்து மீண்டபின், காந்தியடிகளின் யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார்.

1924இல் வைக்கம் கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடப்பதற்கான போராட்டம் எழுந்தது. அதன் முன்னணியில் நின்ற ஜார்ஜ் ஜோசப் ஏப்ரல் மாதத்தில் சிறைப்பட்டார். தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதான நிலையில், அவர்கள் விடுத்த அழைப்பை ஏற்றே பெரியார் வைக்கம் சென்றார். இப்போராட்டம் இந்துக்களுக்கு உரியது. கிறித்தவரான ஜோசப் விலகி நிற்பதே தக்கது எனக் காந்தியடிகள் கருதினார். ஜோசப்போ பொதுத்தெருவில் நடப்பது சமயம் சார்ந்த சலுகையன்று, குடிமக்கள் அனைவருக்குமான உரிமை என்று கருதினார். மதிப்பிற்குரிய தலைவரோடு மாறுபட நேர்ந்தபோதும் தம் கொள்கையை அவர் மறைத்துக்கொள்ளவில்லை. கருத்து வேறுபாட்டை வெளிப்படையாகக் கூறுதலும் மக்களாட்சிப் பண்பன்றோ!

பின்னர் மதுரைக்குத் திரும்பி மீண்டும் வழக்கறிஞரானார். விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசரின் பெயர் சேர்க்கப்பட்டபோது, வரதராசுலுவுடன் இணைந்து அவருக்காக வாதாடினார். காமராசர் விடுதலை பெற்றார். ஒருகாலத்தில் தாம் துணைநின்ற வரதராசுலுவே உடன் நின்று, மற்றொரு தலைவரைக் காத்தது நினைக்கத்தக்கது.

விதைத்தவரும் விளைச்சலும்

1937ஆம் ஆண்டு மத்தியச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால், அப்பணியில் நெடுங்காலம் நீடிக்க இயலவில்லை. 1938ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் தம் ஐம்பதாம் அகவையில் மதுரையில் மறைந்தார். அவர் எதிர்த்த சட்டம் அன்றும் உயிருடனேயே இருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுமையும் 1952இலும் அது நீக்கப்பட்டது.

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, அவர் நாடிய அறங்களுக்குச் சட்ட வடிவம் தந்தது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13ஆம் பிரிவு. சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது 14ஆம் பிரிவு. சாதியைக் காட்டிப் பொதுச்சாலையில் எவரையும் தடுத்தல் ஆகாது என்கிறது 15ஆம் பிரிவு. கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை நாடலாம் என்கிறது 22ஆம் பிரிவு. உரிமை பறிக்கப்பட்டால் உச்சநீதிமன்றத்தை நேரே அணுகும் வழியை 32ஆம் பிரிவு திறந்துவைத்துள்ளது.

இவற்றுள் ஒன்றேனும் ஜார்ஜ் ஜோசப்பின் கையில் இல்லை. சட்ட நூல்களில் உரிமைகள் எழுதப்படாத காலத்தில், அவர் மனிதர்களிடம் அவற்றைக் கண்டார். இன்று உரிமைகள் எழுதப்பட்டுள்ளன. ஆயினும், எளியவர் ஒருவர் வழியறியாது நிற்கும்போது, அருகில் சென்று அவருக்காகக் குரல்கொடுப்போர் இருந்தால்தான் அவ்வெழுத்து உயிர்பெறும். மதுரையின் சிற்றூர்களில் ரோசாப்பூ என்னும் பெயர் தாங்கி வளர்ந்த பிள்ளைகள், சட்டக்கல்வியின் பயன் இன்னதென உலகுக்கு உணர்த்தினர்.