கோல்கீப்பர் தங்கராஜ்

கோல் போட்டவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் நாம், கோலைக் காத்தவரை மறந்துவிடுகிறோம். பீட்டர் தங்கராஜ் என்றதும் நம் பக்கத்து ஊர்க்காரர் போலத் தோன்றுகிறதல்லவா? அவர் 1935-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் கால்பந்து அணியில் முதலில் கோல் போடும் இடத்தில்தான் ஆடினார். பின்புதான் கோல்கீப்பரானார். அவ்வணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின்போது அவர் நோயுற்றதால், பர்மன் என்பவர் கோல் காத்தார். ஆயினும் இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் ரஹீம், தங்கராஜையே நம்பி நிறுத்தினார். அரங்கமோ நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். தங்கப்பதக்கம் நமதாயிற்று!

1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார்; பொகாரோ எஃகு ஆலையில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். 2008-இல் அவ்வூரிலேயே காலமானார்.