பூத்தொண்டர் முருக நாயனார்

மலரையும் இலையையும் வளைத்துக் கட்டி முடியாகவும் மாலையாகவும் ஆக்கும் கைவினை உலகில் மிகப் பழையது. பண்டைக் கிரேக்கர் ஒலிம்பியாப் போட்டியில் வென்ற வீரனுக்குக் காட்டு ஒலிவக் கிளையை வளைத்துச் செய்த முடியையே பரிசாகச் சூட்டினர். உரோமாபுரியார் வெற்றியோடு மீண்ட தளபதிக்கு லோறல் இலை முடியை அணிவித்தனர். ஜேர்மனி தேசத்து ஹம்பேர்க் நகரிலே, 1839 ஆம் ஆண்டில், யோகான் விக்கேர்ண் என்னும் பாதிரியார் ஏழைப் பிள்ளைகள் பலரை வளர்த்து வந்தார். நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர்கள் ஓயாது வினவவே, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின் மேல் மெழுகுதிரிகளை நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார். அதுவே பின்னர் பசிய இலை சூழ்ந்த திருவருகைக் கால வளையமாயிற்று. மிஷன் கல்லூரியிற் கற்ற எம்போன்றோர் மார்கழி தோறும் சவுக்கிலையால் அத்தகைய வளையங்களைக் கட்டிப் பழகியவர்களே.

நம் சைவ மரபிலும் அவ்வாறு வட்டமாகக் கட்டும் மாலை ஒன்று உண்டு. அதற்கு இண்டை என்று பெயர். இறைவன் திருமுடிமேற் சாத்துதற்கு உரியது அது. அந்த இண்டையையும் ஏனைய மாலைகளையும் நாள்தோறும் தம் கையாற் கட்டி, அத்தொண்டு ஒன்றினாலேயே அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராக விளங்குபவர் முருக நாயனார்.

இப்பெரியாரின் சரித்திரத்தை முதன்முறை படிக்கும் வாலிபர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எமக்கும் எழுந்தது. கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பினார். சிறுத்தொண்டர் தம் ஒரே மைந்தனை அடியாருக்கு அமுதாக்கினார். திருநாவுக்கரசர் நீற்றறையிற் கிடந்தும் மனங் கலங்கினாரல்லர். இவர்களோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணுதற்கு முருகனார் செய்ததுதான் யாது? பூப் பறித்தார்; மாலை கட்டினார். இது நம் வீட்டு ஆச்சிமார் விடியற்காலையிற் செய்யும் வேலையன்றோ! இவ்வினாவை நெஞ்சிற் கொண்டே அவர் வாழ்வை நோக்குவோம்.

சோழவள நாட்டிலே, நன்னிலத்திற்கு அணித்தாக உள்ளது திருப்புகலூர். அங்கே கருந்தார்குழலி அம்மையோடு அக்கினீசுவரப் பெருமான் வீற்றிருக்கின்றார். அத்திருக்கோயிலின் உள்ளேயே வர்த்தமானீச்சரம் என்னும் மற்றொரு சந்நிதியும் உண்டு. இவ்வூரிலே கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அந்தணர் குலத்தில் வாழ்ந்தவர் முருகனார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சுவாமிகள் இவருடைய பெற்றோரின் பெயரையோ பிள்ளைப் பருவத்துக் கதைகளையோ கூறினாரல்லர். அவர் விரித்துரைப்பது முருகனாரின் ஒரு நாளைய வேலையையே. அந்த ஒரு நாளே அவர் வாழ்நாள் முழுவதும் ஆயிற்று.

பொழுது புலருமுன் முருகனார் துயிலெழுவார். தூய நீரில் மூழ்கித் திருநீறு அணிந்து நந்தவனம் புகுவார். மலர் பறித்தற்கு ஏற்ற வேளை ஒன்று உண்டு. முந்திப் பறித்தால் அரும்பு வாய் திறவாது; பிந்தினால் வண்டு வந்து மொய்த்துவிடும். முறுக்கு அவிழும் அந்தச் செவ்வி பார்த்தே பறித்தல் வேண்டும். அவர் கை பூவைக் கொய்யும். நா திருவைந்தெழுத்தைக் கொய்யாது விடாது எண்ணிக்கொண்டிருக்கும். கொன்றையும் செண்பகமும் போல மரக்கொம்பிற் பூப்பவை கோட்டுப்பூ. முல்லையும் மல்லிகையும் போலக் கொடியிற் பூப்பவை கொடிப்பூ. தும்பை போலத் தரையை அடுத்துப் பூப்பவை நிலப்பூ. தாமரையும் நீலோற்பலமும் போல நீரிற் பூப்பவை நீர்ப்பூ. இந்நான்கு வகையையும் ஒன்றோடொன்று கலவாது வெவ்வேறு கூடைகளில் இட்டு வருவார். வகை பிரித்து வைப்பது வெறும் அழகுக்காக அன்று. கொம்புப் பூவின் காம்பு வலியது. நீர்ப்பூவின் தண்டு மெல்லியது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால் ஒன்று நழுவும், மற்றொன்று நசுங்கும்.

பின்னர்த் தனியிடத்தில் அமர்ந்து மாலை கட்டத் தொடங்குவார். எல்லாப் பூவையும் ஒரே விதமாகக் கட்டுபவரல்லர் அவர். நூலிற் கோத்துச் செய்வது கோவை. வட்டமாகச் சுருக்கிக் கட்டுவது இண்டை. தண்டோடு சேர்த்துக் கட்டுவது கண்ணி. தாளோடு தாளைப் பின்னுவது பிணையல். மகரந்தம் சிந்தத் தாழ்ந்து தொங்குவது தொங்கல். தாமம், வாசமாலை என்பனவும் உண்டு. ஒவ்வொரு பூவின் காம்பையும் தண்டையும் நோக்கி, அதற்கு இசைந்த கட்டு இதுவெனத் தேர்ந்து கொண்டமை இதனாற் புலனாகும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மாலைத்தொழில் இத்துணை நுணுக்கமுற்று இருந்ததென்பது எண்ணி மகிழ்தற்குரியது.

இண்டை கட்டுதல் பார்வைக்கு எளிது, கைக்கு அரிது. நம் ஊரில் இன்றும் வாழைநாரை மெல்லிதாகக் கிழித்து நீரில் ஊறவைத்து அதனாற் பூத்தொடுப்பர். நெருக்கித் தொடுத்த சரத்தின் இரு தலைப்பையும் கூட்டி முடிந்தால் வளையமாகும். நாரை இறுக்கினால் காம்பு அறும். தளர்த்தினால் பூ உதிரும். வட்டம் பெரிதானால் திருமுடியில் நில்லாது வழுவும். சிறிதானால் மேலே அமராது. இந்த அளவு கண்ணுக்குத் தெரிவதன்று. பன்னூறு முறை கட்டிய விரலுக்கே தெரிவது.

கட்டி முடித்த மாலைகளை முருகனார் வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குக் காலந்தவறாது சாத்தி அருச்சித்து வழிபட்டார். அவர் காலத்திலேயே வாழ்ந்த திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகள் அச்சந்நிதியைப் பாடிய பதிகத்திலே முருகனாரைப் பெயர் சொல்லி, அவர் முப்பொழுதும் புனையும் மலரைப் பெருமான் திருமுடியிற் சூடியமையை வைத்துப் பாடியுள்ளார். சேக்கிழாருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு முற்பட்ட சான்று இது. நாயன்மாருள் ஒருவரின் கைத்தொண்டை அவர் காலத்தவரே கண்ணாற் கண்டு பதிகத்தில் ஏற்றி வைத்தல் எளிதிற் கிட்டும் பேறன்று.

முப்பொழுது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். காலையிற் சாத்திய இண்டை உச்சிப்பொழுதில் வாடத் தொடங்கும். மாலையில் அது நிர்மாலியமாகிக் களையப்படும். ஓவியன் தீட்டிய ஓவியம் நிலைக்கும். சிற்பி செதுக்கிய கல் நூற்றாண்டுகள் நிற்கும். மாலை கட்டுபவன் செய்த வேலையோ அன்றே அழியும். மறுநாள் வைகறையில் அவன் வெறுங்கையோடு மீண்டும் தொடங்கவேண்டும். முருகனார் கட்டிய மாலைகளுள் ஓர் இதழேனும் இன்று நம்மிடத்து இல்லை. இதனை நன்கறிந்தும் அவர் ஒரு நாளும் சலித்தாரல்லர்.

அவரது திருமடம் அடியார்க்கு எப்பொழுதும் திறந்திருந்தது. ஆளுடைய பிள்ளையாராகிய சம்பந்தர் திருப்புகலூருக்கு எழுந்தருளியபோது முருகனாரே எதிர்கொண்டு அழைத்துச் சென்று தம் மடத்தில் இருத்தினார். இவரது அன்பின் திறத்தால் பிள்ளையார் இவரைத் தம் நண்பராகவே கொண்டார். நம் ஈழத்துத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடியருளிய அப்பெருமானே இம்மாலைத் தொண்டரின் மடத்தில் விருந்தாக இருந்தார் என்பது நமக்கும் உவகை தருவதாம். அந்நாளில் அப்பர் சுவாமிகள் திருவாரூர்த் திருவாதிரைத் திருவிழாவைத் தரிசித்துவிட்டு அவ்வூருக்கு வந்தார். பிள்ளையார் எதிர்சென்று விழாவின் பெருமையை வினவ, அப்பர் அதனைப் பதிகமாகவே விடையிறுத்தார். கேட்டவுடன் பிள்ளையார் ஆரூர் சென்று வணங்கி, மீண்டும் புகலூருக்கே திரும்பினார். திருச்செங்காட்டங்குடியிலிருந்து சிறுத்தொண்டரும், சாத்தமங்கையிலிருந்து திருநீலநக்கரும் அங்கு வந்து கூடினர்.

அக்கூட்டத்தைச் சற்றே மனக்கண்ணாற் காண்போமாக. ஒருவர் தமிழ்நாடெங்கும் போற்றிய பாலறாவாயர். ஒருவர் மன்னனது ஆணைக்கும் அஞ்சாத முதியவர். ஒருவர் 642 ஆம் ஆண்டளவில் பல்லவர் படையோடு சென்று வாதாபியை அழித்த பழைய சேனாபதி. ஒருவர் வேதநெறி வழுவாத வேதியர். இத்துணைப் பெரியோர் ஒருங்கே கூடியது அரசன் மாளிகையில் அன்று. பதிகம் ஒன்றும் பாடாத, போர்க்களம் ஒன்றும் காணாத, மாலை கட்டும் ஓர் எளியவரின் மடத்திலாம்! அப்பர் சுவாமிகள் உழவாரப் படையாற் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர். புல்லும் மீண்டும் முளைக்கும்; பூவும் மீண்டும் வாடும். அவர் கையும் முருகனார் கையும் ஒரே இனத்தவை. பின்னாளில் அப்பர் சுவாமிகள் தமது இறுதிக் காலத்தைக் கழித்துச் சித்திரைச் சதயத்தில் இறைவனடி சேர்ந்ததும் இத்திருப்புகலூரிலேயே.

முருகனாரின் நிறைவு, அவர் பூண்ட நட்பினால் வந்தது. சம்பந்தப் பெருமானுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. ஆச்சாள்புரம் என இன்று வழங்கும் நல்லூர்ப் பெருமணத்திலே அம்மணம் நிகழ்ந்தது. நம் நல்லூரின் பெயரையே தாங்கிய ஊர் அது. திருநீலநக்கர் மணச்சடங்கை நடத்தினார், முருகனாரும் உடனிருந்தார். மணம் முடிந்தபின் அத்திருக்கோயிலில் பெருஞ்சோதி ஒன்று தோன்ற, பிள்ளையார் அங்கு வந்தார் அனைவரையும் அதனுள் புகச்செய்து, பின் தாமும் மணமகளோடு புகுந்தருளினார். யாழேந்திய திருநீலகண்டப் பெரும்பாணரும், வேதம் ஓதிய நீலநக்கரும், மாலை கட்டிய முருகனாரும் ஒரே வாயிலாலேயே உட்புகுந்தனர். அந்நாள் வைகாசி மூலம். அதுவே முருக நாயனாரின் குருபூசைத் தினமுமாகும்.

இப்பொழுது நாம் தொடங்கிய வினாவுக்கு மீள்வோம். கண்ணை இடப்பதற்கு ஒரு கணத்துத் துணிவு வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதன்று. நாள்தோறும் இருள் விலகுமுன் எழுந்து, ஒருவரும் காணாவிடத்தில் அமர்ந்து, மாலைக்குள் வாடிவிடும் ஒன்றைக் குறைவின்றிக் கட்டுவதற்கு ஆயுள் முழுவதும் நீளும் துணிவு வேண்டும். அதுவும் எளிதன்று. எனினும் அது நம் ஒவ்வொருவர் கைக்கும் எட்டுவது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் முருகனாருக்கும் தம்மை அடியவராகக் கூறியது இதுபற்றியே என்று எமக்குத் தோன்றுகின்றது.

இச்சரித்திரத்தை நம் பெற்றோரும் பாட்டன்மாரும் எளிய தமிழிற் படிக்கும்படி செய்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவரும் யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். 1852 ஆம் ஆண்டில் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். அவர் காலத்தில் வீட்டுக்கு வீடு நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் வேலியோரத்தில் நின்றன. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டு அகன்றபோது, அத்தோட்டங்கள் நீர் வார்ப்பாரின்றிக் கருகின. மீண்டுவந்த முதியோர் பலர் கூரையைச் செப்பஞ் செய்யும்போதே முற்றத்தில் ஒரு பூங்கன்றையும் நட்டனர். அவர்கள் முருகனாரின் வழியினரே. இன்றோ கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் மாலை நம் வீட்டுச் சுவாமிப் படங்களிற் பல மாதம் தூசி படிந்து தொங்குகின்றது. அது வாடுவதில்லை, ஆதலால் நாளை மீண்டும் கட்டவேண்டும் என்னும் கடமையும் நமக்கு இல்லாதொழிகின்றது. நாம் இழந்தது அக்கடமையையே.

ஆதலின், சங்கத்து இளைஞரே, வரும் வைகாசி மூலத்தன்று ஆளுக்கு ஓர் இண்டையைத் தம் கையாற் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவருவோமாக. பனையோலைக் குட்டானும், ஊறவைத்த வாழைநாரும், வீட்டு முற்றத்துப் பூவும் போதும். முதல் இண்டை கோணலாகவே அமையும். கட்டத் தெரிந்த ஆச்சிமாரின் அருகில் அமர்ந்து கேட்டுப் பழகுவோம். அவர்கள் இருக்கும்போதே பழகுவோம். அன்று மாலை அது வாடும். மறுநாள் விடியுமுன் எழுந்து இரண்டாவது இண்டையைக் கட்டுவோர் எவரோ, அவரே முருக நாயனாரின் சரித்திரத்தைப் படித்தவராவர்.