மணலி தந்த நாதச் செல்வர் ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர்



கும்பாபிஷேகப் பெருவிழாவில் வேத கோஷத்தோடு நாகசுரமும் தவிலும் இணைந்து முழங்குகின்றன. அதன்பின் 48 நாள் மண்டலாபிஷேகமும் இனிதே நிறைவுறும். கோயில் அமைதியுற, இசைவாணர்கள் தத்தம் மனைக்குத் திரும்புவர். ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமண முகூர்த்தங்கள் இல்லை. ஒரு பணி முடிந்து மறு பணி தொடங்கும் வரையுள்ள அந்த இடைக்காலமே கலைஞனுக்குப் பெருஞ் சோதனையாகும். கேட்பவர் இல்லாதபோது வாத்தியத்தின்மேல் கை செல்வதில்லை. பொருள் முடை மனத்தை அரிக்கும். அச்சோதனையை வாழ்நாள் முழுவதும் வென்று காட்டிய மகான் ஒருவர் நம் அண்டை ஊரிலே வளர்ந்தார் என்பதைக் கொருக்குப்பேட்டை மக்களாகிய நாம் நினைந்து மகிழவேண்டும்.

நம் ஊருக்கு வடக்கே சில கல் தொலைவில் உள்ளது மணலி. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் அவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சங்கீதத்தின் உறைவிடமாய் விளங்கிற்று. திருவாரூரில் வாழ்ந்த ராமஸ்வாமி தீக்ஷிதரை மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் குடும்பத்துடன் அழைத்துவந்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அவ்வறத்தைக் குறைவறப் பேணினார்.

ராமஸ்வாமி தீக்ஷிதர் நெடுநாள் மகப்பேறின்றி வைத்தீசுவரன் கோயிலில் தவங் கிடந்து, மன்மத வருஷம் (1775-76) பங்குனிக் கிருத்திகையில் பெற்ற தலைமகனே முத்துஸ்வாமி. அத்தலத்து முத்துக்குமாரஸ்வாமியின் திருநாமமே குழந்தைக்குச் சூட்டப்பெற்றது. பின்னர்ச் சின்னஸ்வாமி, பாலுஸ்வாமி என்னும் தம்பியரும் பாலாம்பாள் என்னும் தங்கையும் பிறந்தனர்.

வேங்கடகிருஷ்ண முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் துபாஷி. ஆதலின் தீக்ஷித சகோதரர்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அம்மெட்டுக்களை அயலார் சரக்கு என்று முத்துஸ்வாமி தள்ளிவிடவில்லை. அவற்றிற்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். ஏறத்தாழ நாற்பது எண்ணிக்கையுள்ள அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என வழங்குகின்றன. ஆங்கில மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. தம்பி பாலுஸ்வாமியோ பிடிலைப் பயின்று, அதனைக் கர்நாடக சங்கீதத்திற்கு உரியதாக்கிய முன்னோடிகளுள் ஒருவரானார்.

சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு வந்தபோது, இளைஞர் முத்துஸ்வாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு வேண்டினார். பெற்றோர் கலங்கினர், எனினும் இசைந்தனர். காசியில் கழிந்த சில ஆண்டுகளில் தீக்ஷிதருக்குச் சபையும் இல்லை, சன்மானமும் இல்லை. ஸ்ரீவித்யா உபாசனையும் யோகமும் வேதாந்தமும் வீணைப் பயிற்சியுமே நித்திய கருமங்களாயின. வடநாட்டு இசையும் செவிவழியே உள்ளத்தில் ஊறிற்று. பிற்காலத்தில் அவர் யமுனாகல்யாணியில் பாடிய கீர்த்தனங்களில் அந்த ஊற்றின் இனிமையை நுகரலாம். வெளிக்கு வறண்டதாய்த் தோன்றிய அக்காலமே பின்வந்த விளைச்சலுக்கெல்லாம் உழவுக் காலமாயிற்று.

யோகியார் சித்தியடைந்தபின் மணலிக்கு மீண்ட தீக்ஷிதர், திருத்தணிகை சென்று முருகன் சந்நிதியில் தியானத்தில் அமர்ந்தார். முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது கர்ணபரம்பரை. அன்று மாயாமாளவகௌளையில் அவரது முதற் கிருதி பிறந்தது. 'குருகுஹ' என்னும் முத்திரையும் அமைந்தது. அவர் அந்த ஒன்றோடு நின்றாரல்லர். அம்முதற் கிருதி முதல் வேற்றுமையில் அமைந்தது. ஆகவே இரண்டாம் வேற்றுமையில் ஒன்று, மூன்றாம் வேற்றுமையில் ஒன்று என எட்டு வேற்றுமைகளுக்கும் எட்டுக் கிருதிகளை முறையே இயற்றினார்.

அவர் வாழ்வின் நுட்பம் இதிலேதான் உள்ளது. எவரும் கட்டளை இடாதபோது தமக்குத் தாமே ஒரு கட்டளை இட்டுக்கொண்டார். அதுவும் எல்லையற்ற கட்டளையன்று. எண்ணிக்கைக்கு உட்பட்ட ஒரு மாலை. ஒரு மலரைத் தொடுத்தவுடன் அடுத்த மலருக்குரிய இடம் தானே காத்து நிற்கும். இனி என் செய்வது என்னும் மயக்கத்திற்கு அங்கே வழியில்லை.

பின்னர்க் காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கி, திருவாரூர் சேர்ந்தார். செல்லும் தலங்களே அவருக்குப் புதுப் பணியை அளித்தன. காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, காளத்தி, தில்லை என்னும் ஐம்பூதத் தலங்களுக்கு ஐந்து கிருதிகள் எழுந்தன. கமலாம்பிகைக்கு நவாவரணங்கள் ஒன்பது. தியானமும் மங்களமும் கூட்டப் பதினொன்று. முதல் எட்டும் எட்டு வேற்றுமைகளில் அமைய, ஆஹிரியில் உள்ள ஒன்பதாவது எல்லா வேற்றுமைகளையும் தன்னுள் அடக்கி நிற்கிறது. சீடர் தம்பியப்பன் வயிற்று வலியால் வருந்தியபோது, அவர் பொருட்டுக் குரு பகவான்மேல் ஒரு கிருதி பாடினார் என்பர். ஞாயிறு முதல் சனி ஈறாக அக்கிரகக் கிருதிகள் ஏழும் ஸூளாதி தாளங்கள் ஏழில் அமைந்துள்ளன.

இவ்வளவும் வளமான வாழ்வில் விளைந்தவை அல்ல. வறுமை அவர் மனையில் உடனிருந்தது. தஞ்சை மன்னரைப் பாடினால் அணிகலன்கள் கிட்டுமென்று மனைவியார் விழைந்தபோது, மனிதரைப் பாட இசையாத தீக்ஷிதர் லலிதா ராகத்தில் இலக்குமியைத் துதித்தார் என்றும், அன்றிரவு கனவில் திருமகளைக் கண்ட அம்மையாரின் ஆசை அடங்கிற்று என்றும் சொல்வர். அந்த அம்மையாரின் பொறுமையும் தீக்ஷிதரின் புகழில் ஒரு பாகமன்றோ!

தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களும் அவரிடம் பயின்றனர். பணியற்ற நாளென ஒன்று அவருக்கு இருந்ததில்லை. பிறர் தந்த பணி இல்லாத நாள்கள் பல இருந்தன. அந்நாள்களில் உபாசனை, வீணை, சீடருக்குப் பாடம் ஆகிய மூன்றும் தவறாமல் நடந்தன.

இறுதியில் தம்பி பாலுஸ்வாமி சமஸ்தான வித்வானாயிருந்த எட்டயபுரத்தை அடைந்தார். 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில், சீடர்கள் பாடக் கேட்டவாறே தேவியின் திருவடி சேர்ந்தார். மன்மத வருஷத்தில் பிறந்தவர், அறுபதாண்டுச் சுழற்சி முற்றி மீண்டும் வந்த மன்மத வருஷத்திலேயே மறைந்தார். பாலுஸ்வாமியின் தத்துப்புத்திரரான சுப்பராம தீக்ஷிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி' அவர் கிருதிகளை ஸ்வரப்படுத்திக் காத்தது.

திருப்பணிக்குப் பொருள் ஈந்த புண்ணியசீலர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டுகிறோம். மணலிப் பெருமக்கள் அக்குடும்பத்தை ஆதரித்த காலத்தில், பின்னாளில் உலகு போற்றிய கிருதிகளுள் பெரும்பாலானவை இன்னும் பிறக்கவேயில்லை. பயன் கண்ணுக்குத் தெரியாத நாளில் அவர்கள் இட்ட சோறே பிற்காலத்தில் நாதமாயிற்று. விழா நாளில் பொன்னாடை போர்த்துவது சிறப்பே. விழா இல்லாத மாதத்தில் இசைவாணர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரிப்பது அதனினும் பேரறமாகும். இசைவாணர்களும் அழைப்பு வரும்வரை காத்திராமல், நாளுக்கு ஒரு கீர்த்தனமேனும் சந்நிதியில் சமர்ப்பிக்கத் தமக்குத் தாமே நியமம் விதித்துக்கொள்வார்களாக. கேட்பவர் எவரும் இல்லாத வேளையிலும் அங்கே கேட்பவன் ஒருவன் உளன்.

குருகுஹன் திருவருள் அனைவருக்கும் கூடுவதாக!